நாற்பத்து மூன்றாவது வரி

கல்மண்டபத்துக்குப் பின்னால்
உப்புக் கிடங்காக இருந்த கட்டடம்.
இப்போது வட்டார வரலாற்று அருங்காட்சியகம்,
நுழைவுக் கட்டணம் ஐந்து ரூபாய்.
பள்ளிக்கூடம் அழைத்து வந்தால் கூட்டம்,
மழை பிடித்தால் கூட்டம்.
சீட்டுக் கிழிப்பதும் நான், இரவுச் சாவியும் நான்.

மூன்றாம் அறையில் இரவில் யாரோ கூடை இறக்குகிறார்கள்
என்று பகல் காப்பாளர் எழுதிப் போட்டார்.
மேலிடத்தில் சிரித்துவிட்டு
விசாரிக்க அனுமதி கொடுத்தார்கள்.

வேளச்சேரியிலிருந்து மூன்று பேர்:
நிவின், தப்ரேஸ், ஷெரின்.
சூடு பார்க்கும் கேமரா,
மூச்சு விட்டாலும் பதியும் ரெக்கார்டர்,
டிவி ரிமோட் மாதிரி ஒரு மீட்டர்,
நெற்றியில் ஐந்து சின்ன விளக்கு.
"அக்கா, செல்லை அணைங்க. மெயினை இறக்குங்க."
இறக்கினேன். கொசுவை இறக்க முடியவில்லை.

"இங்கே இருப்பவர் யாராக இருந்தாலும்
தங்கள் இருப்பை உணர்த்துங்கள்" என்றான் நிவின்,
செய்தி வாசிக்கிற தமிழில்.
இந்தத் தெருவில் செத்தவர் எவருக்கும்
அந்தத் தமிழ் புரிந்திருக்காது.

மேற்குச் சுவர் அருகே மீட்டர் ஏறியது.
இரண்டு விளக்கு. நான்கு.
ஐந்தும் எரிந்தபோது ஷெரின் கை நடுங்கியது.
என் வயிறும் கலங்கியது,
வேறு காரணத்துக்கு.

அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் டெல்பினா வீடு.
மெயினுக்கு முன்னாலேயே கிளம்பும் ஒரு கம்பி
கூரை இடுக்கு வழியாக அங்கே போகிறது.
ஒரு டேபிள் ஃபேன், ஒரு பல்பு,
பல்புக்குக் கீழே அவள் மகன் டிலன்.
மார்ச்சில் பத்தாவது பரீட்சை.
பாக்கிக்காக வாரியம் ஃபியூஸைப் பிடுங்கிய அன்று
கொக்கி மாட்ட ஏணியைப் பிடித்தவள் நான்.

"சுவருக்குள்ள வயர் ஏதாவது போகுதா அக்கா?"
தப்ரேஸ் எலக்ட்ரிகல் படித்தவனாம்.

"வயரா? இன்னாபா நீ.
அது அந்த அம்மா."

எந்த அம்மா என்றார்கள் மூவரும்.

கண்ணாடிக்குள் விரித்து வைத்திருந்த பதிவேட்டைக் காட்டினேன்.
துறைமுகத்தில் நிலக்கரி சுமந்தவர்கள்.
நாற்பத்து மூன்றாவது வரியில்
கரையான் தின்றது போக மீந்தது
'ம்மாள்' என்று ஒரு வால்,
பக்கத்தில் இடது பெருவிரல் ரேகை.

துலுக்காணம்மாள் என்றேன். வாயில் வந்தது.
கப்பலுக்கும் கரைக்கும் நடுவில் பலகை,
தலையில் இரும்புக் கூடை,
ஐப்பசி மழை, வழுக்கிவிட்டது என்றேன்.
மூன்றாம் நாள் காசிமேட்டில் ஒதுங்கினாள் என்றேன்.
செத்த நாளுக்கு அரைநாள் கூலிதான் போட்டார்கள்
என்று சொல்லும்போது
எனக்கே தொண்டை அடைத்தது.
இட்டுக்கட்டியது இவ்வளவு கனக்கும் என்று
யார் கண்டது.

"மூணு சுழி ணவா அக்கா?"
ஆமாம் என்றேன். ஷெரின் எழுதிக்கொண்டாள்.
தப்ரேஸ் அதற்கப்புறம் சுவரைத் தட்டிப் பார்க்கவில்லை.
மூன்றரை மணிக்குப் பெட்டிகளை மூடினார்கள்,
போகும்போது மூன்று பேரும்
செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்கள்.

விடிந்ததும் குழாயடியில் டெல்பினா,
கண்ணெல்லாம் சிவந்து.
"நேத்து ஒம்போது மணிக்கே கரண்டு பூட்ச்சிக்கா.
கொக்கி கழண்டு தொங்கினு கீது.
புள்ளைக்கு நைட்டெல்லாம் அட்டையால
விசிறிக்கினே இருந்தேன்."

குடம் வழிந்தது. நகர்த்தத் தோன்றவில்லை.

அன்றைக்கு மூன்றாம் அறையைக்
கடைசியாகத்தான் பெருக்கினேன்.
கூடை, தராசு, நங்கூரத்தின் உடைந்த கொம்பு,
எல்லாம் வைத்த இடத்தில்.
விளக்க அட்டையில் பழையபடி
'வரி 43: பெயர் தெரியவில்லை.'

துடைப்பத்தைச் சாத்திவிட்டு
மேற்குச் சுவரைப் பார்த்துச் சொன்னேன்:
"அரைநாளுன்னு சொன்னது நான்தாம்மா.
முழுநாளா வச்சிக்கோ."